போன் நம்பரை வைத்து முகவரி கண்டுபிடிக்க முடியுமா? எது முடியும், எது முடியாது, எது கூடாது: முழு வழிகாட்டி

கையில் ஒரு எண் மட்டும் இருக்கிறது, அதை வைத்து ஆள் யார், வீடு எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும். இப்படித் தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகத் தேடுவதில்லை. நள்ளிரவில் மிஸ்டு கால் வந்துகொண்டே இருப்பதால் தேடுகிறவர் உண்டு. ஆன்லைனில் பணம் அனுப்பிவிட்டு, அப்புறம் விற்றவர் போனையே எடுக்கவில்லை என்று தேடுகிறவர் உண்டு. தொடர்பு விட்டுப்போன நண்பரைத் தேடுகிறவர் உண்டு, கீழே கிடந்த பையை உரியவரிடம் சேர்க்க நினைப்பவரும் உண்டு. ஒவ்வொருவருக்கும் வழி வேறு, அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. தொலைபேசி எண்ணுக்குள் முகவரி என்று எதுவும் கிடையாது. சிம் வாங்கும்போது கொடுத்த பெயரும் முகவரியும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும், அதைச் சட்டப்படி கேட்டு வாங்கும் அதிகாரம் காவல்துறை, நீதிமன்றம் போன்ற அமைப்புகளுக்குத்தான் உண்டு. பிரிட்டன் போன்ற சில நாடுகளில் ப்ரீபெய்டு சிம் வாங்கப் பெயரைப் பதிவு செய்யும் கட்டாயமே இல்லை, அங்கே நிறுவனத்திடமும் முகவரி இல்லாமல் போகலாம். ஆக, நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் நேர்மையான வழியில் போய்ச் சேரக்கூடிய எல்லை இதுதான்: எந்த நாட்டு எண், என்ன வகை எண், கடையா அலுவலகமா தனிநபரா, பல சமயம் ஒரு பெயர். கடை, மருத்துவமனை, நிறுவனம் என்றால் முகவரியும் கிடைத்துவிடும், ஏனென்றால் அவர்களே அதை ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பார்கள். தனிநபரின் வீட்டு முகவரி அவர் சொன்னால்தான் கிடைக்க வேண்டும், அப்படி இருப்பதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் எண்ணை வைத்திருக்கும் எத்தனை பேருக்கு உங்கள் வீடு தெரிய வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

படி 1: எதற்காகத் தேடுகிறீர்கள்?

இந்தக் கேள்வியை ஒப்புக்குக் கேட்கவில்லை. காரணம் தெளிவானால் பாதி வேலை முடிந்துவிடும், ஏனென்றால் பெரும்பாலான காரணங்களுக்கு முகவரி தேவையே இல்லை. பையைத் திருப்பிக் கொடுக்க ஒரு குறுஞ்செய்தி போதும், எங்கே சந்திக்கலாம் என்று அவரே சொல்லிவிடுவார். பணம் அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டும் என்றால் பெயர் போதும். தொல்லை தரும் எண்ணுக்கு பிளாக் இருக்கிறது. ஏமாற்றிவிட்டுப் போனவரைப் பிடிக்க வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவை முகவரி இல்லை, ஆதாரம். அவர் வீட்டு வாசலில் போய் நின்று நியாயம் கேட்பது உங்களுக்கே ஆபத்தாக முடியலாம், அது போக அந்த முகவரி வேறு யாரோ ஓர் அப்பாவியுடையதாகவும் இருக்கலாம்.

இன்னொரு வகை தேடலும் உண்டு. பிரிந்துபோனவர், பேச விருப்பமில்லை என்று சொல்லிவிட்டவர், எண்ணையே மாற்றிக்கொண்டு போனவர், இவர்களை எப்படியாவது கண்டுபிடித்து ஒரு முறை நேரில் பேசிவிட வேண்டும் என்று தேடுவது. உங்கள் காரணம் இதுவென்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். எவ்வளவு வலி இருந்தாலும், அவர் மறைத்துக்கொண்ட இடத்தைத் தேடிப் போவது பல நாடுகளில் பின்தொடர்தல் என்ற குற்றத்தில் வரும், அதைவிட முக்கியமாக அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது பயத்தைத் தரும். குழந்தை, சொத்து, ஜீவனாம்சம் போன்ற சட்ட விஷயம் என்றால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றம் வழியாகப் போங்கள், முகவரி கண்டுபிடிக்கும் வேலையை அவர்கள் முறைப்படி பார்த்துக்கொள்வார்கள்.

படி 2: எண்ணைப் படியுங்கள்

எந்தச் செயலியையும் திறப்பதற்கு முன்னால் எண்ணையே ஒரு தரம் நிதானமாகப் பாருங்கள், அதிலேயே நிறைய இருக்கிறது. உலகத்தில் உள்ள எண்களெல்லாம் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த ஒரே முறையில் அமைந்தவை. கூட்டல் குறிக்குப் பிறகு 1 முதல் 3 இலக்கம் வரை நாட்டுக் குறியீடு, அதன் பிறகு உள்நாட்டு எண், எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம். +91 இந்தியா, +94 இலங்கை, +65 சிங்கப்பூர், +60 மலேசியா, +971 ஐக்கிய அரபு அமீரகம், +44 பிரிட்டன், +33 பிரான்ஸ்.

இதில் ஏமாறக்கூடிய இடம் +1. அதைப் பார்த்ததும் அமெரிக்கா என்று நினைத்துவிடுவோம். அமெரிக்காவும் கனடாவும் மட்டுமில்லாமல் கரீபியன் பகுதியின் பல நாடுகளும் அதே குறியீட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன, அதனால் அடுத்த மூன்று இலக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 212 என்றால் நியூயார்க்கின் மன்ஹாட்டன், 876 என்றால் ஜமைக்கா. ஒரே ஒரு ரிங் விட்டுத் துண்டித்து, நீங்கள் திரும்ப அழைத்தால் அதிகக் கட்டணமுள்ள வெளிநாட்டு இணைப்பில் மாட்டிவிட்டு அந்தக் காசில் பங்கு வாங்கும் மோசடி இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் ஓடியது, இன்னும் ஓடுகிறது. தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு ரிங் வந்து நின்றால் திரும்ப அழைக்காதீர்கள். உண்மையாகவே உங்களைத் தேடுகிறவர் மறுபடி அழைப்பார், இல்லையென்றால் செய்தி அனுப்புவார்.

அடுத்தது, தரைவழி எண்ணா மொபைலா என்பது. லேண்ட்லைன் காலத்தில் கம்பி ஒரு வீட்டுக்குள் போய் முடிந்தது, அதனால் எண்ணும் முகவரியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன. 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளிவந்த முதல் தொலைபேசிப் பட்டியல் ஒரே ஒரு தாள், சுமார் 50 பெயர்கள், எண்கூடக் கிடையாது. பெயரைச் சொன்னால் எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் இணைத்துவிடுவார். பிற்பாடு வந்த தடிமனான டைரக்டரிகளில் பெயர், எண், முகவரி எல்லாம் இருந்தன, எண் வரிசையில் தேடும் தலைகீழ் டைரக்டரிகளும் வந்தன. நம்பரை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தின் மிச்சம். இன்றைக்கும் லேண்ட்லைன் எண்ணில் பகுதிக் குறியீடு ஊரைச் சொல்லிவிடும் (044 சென்னை, 020 லண்டன்), பொது டைரக்டரி இருக்கும் நாடுகளில் அதில் பெயர் சேர்க்கச் சம்மதித்தவர்களின் விவரமும் இருக்கும்.

மொபைலில் இது எதுவும் நிற்காது. முன்னிலக்கங்கள் அந்த எண் முதலில் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பகுதிக்கு ஒதுக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி சிங்கப்பூரில் 1997இலேயே வந்துவிட்டது, அப்புறம் பெரும்பாலான நாடுகளுக்குப் பரவியது, அதனால் நிறுவனமே மாறியிருக்கலாம். ஊர் மாறி, நாடு மாறிப் போனவர்கள் பழைய எண்ணையே வைத்திருப்பார்கள். போதாக்குறைக்கு விட்டுப்போன எண்கள் வேறு ஆளுக்குப் போகின்றன. அமெரிக்காவில் குறைந்தது 45 நாள், இந்தியாவில் 90 நாள் காத்திருந்து அதே எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் போனில் பழைய நண்பரின் பெயரில் இருக்கும் எண் இன்று யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் பழைய எண்ணுக்குச் செய்தி அனுப்பும்போது முதல் வரியிலேயே அந்தரங்கமான எதையும் எழுதிவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, திரையில் தெரியும் எண்ணே பொய்யாக இருக்கலாம். இணையம் வழியாக அழைக்கிறவர்கள் தாங்கள் விரும்பிய எண்ணைக் காட்ட முடியும், வங்கியின் எண்ணைக்கூட. இதைத் தடுக்க அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் அழைப்பின் மூலத்துக்கு டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும் என்று 2021 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கினார்கள், ஆனால் உலகம் முழுக்க அது வந்துவிடவில்லை. ஒரு எண்ணிலிருந்து மோசடி அழைப்பு வந்தது என்பதால் அந்த எண்ணின் சொந்தக்காரர்தான் மோசடிக்காரர் என்று சொல்ல முடியாது. அவர் எண்ணை யாரோ எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம், அவரையே ஊர்பேர் தெரியாதவர்கள் அழைத்துத் திட்டிக்கொண்டிருக்கலாம்.

படி 3: தேடுபொறியில் போடுங்கள், ஆனால் ஒழுங்காகப் போடுங்கள்

எண்ணை ஒரு முறை டைப் செய்து ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே எண்ணை மக்கள் பலவிதமாக எழுதுவார்கள்: நாட்டுக் குறியீட்டோடு, அது இல்லாமல், முன்னால் பூஜ்யம் சேர்த்து, நடுவில் இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு. ஒவ்வொரு வடிவத்தையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், அப்போதுதான் அந்த எண் அப்படியே இருக்கும் பக்கங்கள் மேலே வரும். கூகுள் மேப்ஸின் தேடல் பெட்டியிலும் போட்டுப் பாருங்கள். கடை, பட்டறை, கிளினிக் என்றால் பல சமயம் நேராக அந்த இடத்திலேயே போய் நிற்கும், முகவரி, நேரம், புகைப்படம் எல்லாம் இருக்கும்.

தேடல் முடிவுகளில் நான் முக்கியமாகப் பார்ப்பது மற்றவர்களின் புகார்களை. தொல்லை அழைப்புகளைப் பற்றி மக்கள் எழுதிவைக்கும் தளங்கள் இருக்கின்றன, அதில் ஒரே எண்ணைப் பற்றி வெவ்வேறு ஆட்கள் ஒரே கதையைச் சொல்லியிருந்தால் (பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, கணக்கு முடக்கப்படும், வேலை கிடைத்திருக்கிறது) அதற்கு மேல் தேட ஒன்றுமில்லை, பிளாக் செய்துவிட்டு வேலையைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: வங்கி, கூரியர், விமான நிறுவனம் ஆகியவற்றின் வாடிக்கையாளர் சேவை எண் என்று தேடலில் வருபவற்றில் மோசடிக்காரர்கள் போட்டுவைத்த போலி எண்களும் இருக்கும். அந்த மாதிரி எண்ணைத் தேடல் முடிவிலிருந்து எடுக்காதீர்கள், அட்டையின் பின்புறத்திலோ நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ இருப்பதை எடுங்கள்.

இணையதளம் வைத்திருப்பவர்களின் பெயரும் எண்ணும் முகவரியும் டொமைன் பதிவேட்டில் (இணையதளப் பெயர் யாருடையது என்று குறித்துவைக்கும் பட்டியலில்) எல்லோருக்கும் தெரியும்படி ஒரு காலத்தில் இருந்தது. ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் 2018 மே 25 முதல் அமலுக்கு வந்ததும் பெரும்பாலும் மறைத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளில் இந்த வழியைப் பார்த்துவிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 4: காலர் ஐடி செயலிகள், அவை காட்டும் பெயரின் லட்சணம்

ட்ரூகாலர் மாதிரிச் செயலிகளில் எண்ணைப் போட்டால் ஒரு பெயர் வரும். 2009இல் ஸ்வீடனில் தொடங்கிய அந்தச் செயலிக்கு இன்று பல நாடுகளில் பெரிய கூட்டமே இருக்கிறது. இந்தப் பெயர்கள் சிம் பதிவேட்டிலிருந்து வருபவை அல்ல, மக்கள் கொடுத்த தகவல்களிலிருந்து சேர்ந்தவை. அதனால்தான் “பிளம்பர் குமார்”, “ரவி மாடி வீடு”, “எடுக்காதே” என்றெல்லாம் வருகிறது. இப்படி ஒரு பெயரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். “குமார் பிளம்பர் புது நம்பர்” என்று வந்தால் அவர் எண்ணை மாற்றியிருக்கிறார் என்று தெரியும், தொழில் தெரியும், உண்மையான முழுப்பெயர் குமார்தானா என்பது தெரியாது, பழைய ஆள் விட்டுப்போன எண்ணாக இருந்தால் இப்போதைய ஆளுக்கும் குமாருக்கும் சம்பந்தமே இருக்காது. மோசடிக்காரர்கள் தங்கள் பெயரை வங்கிப் பெயராகவும் அதிகாரி பெயராகவும் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. ஆகவே இந்தப் பெயரை ஒரு துப்பாக வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

எந்தக் காலர் ஐடி செயலியை நிறுவினாலும், கான்டாக்ட்ஸை அணுகலாமா என்று கேட்கும்போது யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் சரி என்று அழுத்துவது உங்களுக்காக மட்டும் இல்லை, உங்கள் போனில் இருக்கும் அத்தனை பேருக்காகவும். அவர்களில் வீட்டில் வன்முறைக்குப் பயந்து ஒளிந்திருப்பவர் ஒருவர்கூட இருக்கலாம்.

படி 5: மெசேஜ் செயலிகளும் பணம் அனுப்பும் செயலிகளும்

எண்ணைச் சேமித்துவிட்டு வாட்ஸ்அப்பில் பார்த்தால் சிலரின் படம், பெயர், அறிமுக வரி தெரியும். வணிகக் கணக்கு என்றால் முகவரி, வேலை நேரம், இணையதளம் வரை இருக்கும், அது அவர்களே போட்டது. ஃபேஸ்புக்கில் எண்ணைப் போட்டு ஆளைத் தேடும் வசதியை 2018 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள், காரணம் அதைத் தவறாகப் பயன்படுத்தி மொத்தமாகத் தகவல் அள்ளியவர்கள்தான். அப்படியும் 2019 வாக்கில் அள்ளப்பட்ட 53 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களின் விவரம், 106 நாடுகளைச் சேர்ந்தவர்களின் எண்கள் உட்பட, 2021 ஏப்ரலில் இலவசமாகவே பொதுவெளியில் வந்து விழுந்தது. அந்த மாதிரிக் கசிவுகளைத் தேடிப் போய் எண்ணைப் பார்ப்பது திருட்டுப் பொருளை வாங்குவது போலத்தான், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஒருவருக்குப் பணம் அனுப்பப் போகிறீர்கள் என்றால், பல நாடுகளின் பணப்பரிமாற்றச் செயலிகள் எண்ணைப் போட்டதும் கணக்கில் பதிவான பெயரைக் காட்டிவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். அவர் சொன்ன பெயரும் அந்தப் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் அனுப்பாதீர்கள். “அது என் தம்பி கணக்கு”, “அது எங்கள் ஆபீஸ் கணக்கு” என்ற விளக்கம் வந்தால் இன்னும் உஷாராக இருங்கள். விற்பவரைப் பற்றி முன்கூட்டியே சரிபார்க்க இதைவிடப் பயனுள்ள வழி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 6: கேளுங்கள்

எல்லா வழிகாட்டிகளும் இதைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. ஆனால் நல்ல நோக்கத்தோடு தேடுகிறவர்களுக்கு உண்மையிலேயே வேலை செய்யும் வழி இதுதான், அதிலும் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தெரியாத எண்ணிலிருந்து “ஹாய், யார் இது?” என்று வந்தால் யாரும் பதில் போட மாட்டார்கள், போடவும் கூடாது. முதல் செய்தியிலேயே மூன்று விஷயம் இருக்க வேண்டும்: நீங்கள் யார், இந்த எண் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது, என்ன வேண்டும். இப்படி எழுதலாம்: “வணக்கம், நான் இன்ன பெயர், உங்களோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவன். இன்னார் இந்த எண்ணைக் கொடுத்தார். புத்தகம் ஒன்று அனுப்ப நினைக்கிறேன், விருப்பமிருந்தால் முகவரி சொல்லுங்கள், தெரியாத எண் என்று தயக்கமாக இருந்தால் இன்னாரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.” கடைசி வாக்கியத்தில் அவருக்கு ஒரு வெளிவழி இருக்கிறது பாருங்கள், அதுதான் நம்பிக்கை தருவது. பதில் வரவில்லை என்றால் சில நாள் கழித்து இன்னொரு முறை அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

பொதுவான நண்பர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அவரிடம் முகவரியைக் கேட்காதீர்கள், உங்கள் எண்ணை அவரிடம் கொடுத்து “இதை அவரிடம் கொடுத்துவிடு, விருப்பமிருந்தால் அவரே பேசட்டும்” என்று சொல்லுங்கள். முகவரியைக் கேட்டால் நண்பர் சங்கடத்தில் மாட்டிக்கொள்வார். எண்ணைக் கொடுத்தால் முடிவு உரியவர் கையில் இருக்கும். பழைய அலுவலகம், பழைய கல்லூரி போன்ற இடங்களையும் இதே மாதிரி அணுகலாம், விவரம் தர மாட்டார்கள், ஆனால் உங்கள் செய்தியைச் சேர்த்துவிடச் சம்மதிப்பார்கள்.

பணம் கட்டினால் முகவரி தருகிறோம் என்னும் தளங்கள்

தேடலில் முதலில் வருபவையே இவைதான். இரண்டு வகை. முதல் வகை முழுப் பொய்: எண்ணைப் போட்டதும் ஏதோ தேடுவது போல ஒரு கோடு ஓடும், உலக வரைபடம் சுழலும், பிறகு மங்கலாக்கிய ஒரு முகவரியைக் காட்டிப் பணம் கேட்கும், இல்லையென்றால் ஒரு செயலியை நிறுவச் சொல்லும், இல்லையென்றால் ஓடிபி கேட்கும். எந்த எண்ணைப் போட்டாலும், இல்லாத எண்ணைப் போட்டாலும், அதே கோடு அதே நேரத்துக்கு ஓடும். வரைபடத்தில் காட்டும் புள்ளியும் ஆள் இருக்கும் இடம் இல்லை, அந்த முன்னிலக்கம் ஒதுக்கப்பட்ட மாநிலத்தின் நடுவிலோ தலைநகரிலோ குத்திவைத்தது. இந்த மாதிரி உத்தேசப் புள்ளிகள் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை சாட்சி. ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்ணை, இடமாக மாற்றும் ஒரு நிறுவனம், சரியான இடம் தெரியாத கோடிக்கணக்கான கணினிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதி என்று ஒரே புள்ளியைக் கொடுத்துவைத்திருந்தது, அது அந்தப் பண்ணையில் விழுந்தது. பணத்தைப் பறிகொடுத்தவர்களும் போலீசும் வருடக்கணக்கில் அந்த வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தார்கள், 2016இல்தான் காரணம் வெளியே வந்தது.

இரண்டாவது வகை உண்மையான தரவு வியாபாரிகள். அமெரிக்காவில் சொத்துப் பதிவு, நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணங்களைத் திரட்டிப் பெயர், எண், முகவரி எல்லாம் சேர்த்து விற்கும் நிறுவனங்கள் சட்டப்படியே இயங்குகின்றன, அங்கே முகவரி கிடைக்கவும் செய்யும். ஆனால் எவ்வளவு சரியாக இருக்கும்? அப்படி ஒரு நிறுவனத்தின் மீது ஒருவர் போட்ட வழக்கு 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் திருமண நிலை, வயது, வேலை, படிப்பு எல்லாவற்றையும் தவறாகப் போட்டிருந்தார்கள் என்பதுதான் அவர் புகார்.

சரியாக இருந்தாலும் என்ன ஆகலாம் என்பதற்கு இன்னொரு சம்பவம், இதைச் சொல்லாமல் இந்த வழிகாட்டியை எழுத எனக்கு மனமில்லை. 1999இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பள்ளிக் காலத்திலிருந்து ஒரு பெண்ணின் மீது வெறி கொண்டிருந்த ஒருவன், இணையத்தில் ஒரு தகவல் விற்பனை நிறுவனத்துக்குப் பணம் கட்டி அவள் வேலை செய்யும் இடத்தின் முகவரியை வாங்கினான். நிறுவனம் அதை எப்படிப் பெற்றது தெரியுமா, ஒருவரை வைத்து அந்தப் பெண்ணுக்கே பொய்க் காரணம் சொல்லிப் போன் செய்து, பேச்சுவாக்கில் அவள் வாயாலேயே வாங்கியது. அவன் அந்த இடத்துக்குப் போய், வேலை முடிந்து வெளியே வந்த அவளைச் சுட்டுக் கொன்றான். அவளுக்கு வயது 20. தகவலை விற்கிறவர்களுக்கு, அந்தத் தகவல் யாரைப் பற்றியதோ அவர் விஷயத்திலும் பொறுப்பு உண்டு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2003இல் சொன்னது. பொய் சொல்லித் தொலைபேசிப் பதிவுகளைப் பெறுவதையே குற்றமாக்கும் சட்டமும் அமெரிக்காவில் 2007 ஜனவரியில் கையெழுத்தானது.

ஆகவே கூரியர்காரர் போலவோ வங்கி ஊழியர் போலவோ பேசி முகவரி வாங்கும் “தந்திரங்களை” நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தால் அடையாளம் காண மட்டும் சொல்லிவிடுகிறேன். உண்மையான கூரியரிடம் உங்கள் முகவரி ஏற்கெனவே இருக்கும், “நீங்கள் வைத்திருக்கும் முகவரியைப் படியுங்கள், சரியா என்று சொல்கிறேன்” என்று கேளுங்கள். தடுமாறினால் வைத்துவிடுங்கள்.

படி 7: மிரட்டல், மோசடி என்றால்

முகவரி தேடுவதை நிறுத்திவிட்டு ஆதாரம் சேர்க்கத் தொடங்குங்கள். அழைப்புப் பட்டியலை நாள், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள், வாட்ஸ்அப் என்றால் அந்த உரையாடலை முழுசாக ஏற்றுமதி செய்து வேறு இடத்தில் வையுங்கள், ஏனென்றால் அனுப்பியவர் தன் பக்கமிருந்து அழித்துவிட முடியும். பணம் போயிருந்தால் பரிவர்த்தனை எண்ணோடு வங்கிக்குத்தான் முதல் போன், போலீசுக்குப் போவதற்கு முன்பே. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு. ஆதாரம் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள், அதற்கு முன் செய்தால் சில செயலிகளில் பழைய விவரம் பார்க்கச் சிரமமாகிவிடும்.

பிறகு சைபர் குற்றப் பிரிவிலோ காவல் நிலையத்திலோ எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சிம் யார் பெயரில், எந்த மொபைல் கோபுரத்தில் இயங்கியது என்பதை நிறுவனத்திடம் கேட்டு வாங்க அவர்களால்தான் முடியும். அவர்கள் வாங்கிய முகவரியை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், அதை எதிர்பார்க்கவும் வேண்டாம், நீங்கள் கேட்க வேண்டியது புகார் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான்.

உயிருக்கு ஆபத்து என்றால் கணக்கே வேறு. யாரோ தற்கொலை செய்யப்போவதாகச் செய்தி அனுப்பிவிட்டுப் போனை எடுக்கவில்லை, தெரிந்தவர் எங்கோ விபத்தில் மாட்டிக்கொண்டு பேச முடியாமல் இருக்கிறார் என்றால் இணையத்தில் எண்ணைத் தேடி ஒரு நிமிடம்கூட வீணாக்காதீர்கள். அவசர உதவி எண்ணை அழைத்து அவருடைய எண்ணைக் கொடுங்கள். கோபுரங்களை வைத்து இடத்தைக் கண்டறிய நிறுவனத்திடம் உடனே கேட்கும் வழி அவர்களிடம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தானே அவசர எண்ணை அழைக்க முடிந்தால் இன்னும் நல்லது. பல நாடுகளில் அந்த அழைப்பு போகும்போதே ஸ்மார்ட்போன் தன் இருப்பிடத்தைத் தானாக அனுப்பிவிடும், ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் 2022 மார்ச் முதல் இது கட்டாயம்.

படி 8: இதையெல்லாம் உங்கள் எண்ணுக்கே செய்து பாருங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். மேலே சொன்ன ஒவ்வொன்றையும் உங்கள் சொந்த எண்ணை வைத்து, முடிந்தால் நண்பரின் போனிலிருந்து, செய்து பாருங்கள். என்ன வருகிறதோ அதுதான் ஊருக்குத் தெரிகிறது. எப்போதோ பழைய பைக் விற்கப் போட்ட விளம்பரத்தில் எண்ணும் தெருப் பெயரும் சேர்ந்தே இருக்கும். வேலைக்கு அனுப்பிய சுயவிவரம் ஏதோ ஒரு தளத்தில் கிடக்கும், அதில் முழு முகவரியே இருக்கும். சங்க உறுப்பினர் பட்டியல், போட்டி முடிவுகள் எல்லாம் பிடிஎஃப் கோப்பாக ஏறியிருக்கும்.

கிடைத்ததை ஒவ்வொன்றாக மூடுங்கள். அந்தத் தளத்துக்கே எழுதி நீக்கச் சொல்வது முதல் வேலை. கூகுள் தேடலில் உங்கள் எண்ணோ வீட்டு முகவரியோ வந்தால் நீக்கக் கோரும் படிவம் இருக்கிறது, ஆனால் அது தேடலிலிருந்து மட்டும் எடுக்கும், பக்கம் அப்படியே இருக்கும், அதனால் இரண்டையும் செய்ய வேண்டும். ட்ரூகாலரிலிருந்து விலக முதலில் கணக்கை முடக்கிவிட்டு, அப்புறம் அவர்களின் தளத்தில் எண்ணை நீக்கும் பக்கத்தில் நாட்டுக் குறியீட்டோடு கொடுக்க வேண்டும். செயலியைப் பயன்படுத்திக்கொண்டே பட்டியலிலிருந்து விலக முடியாது.

வாட்ஸ்அப்பில் தனியுரிமை அமைப்புக்குப் போய்ப் படம், அறிமுக வரி, கடைசியாகப் பார்த்த நேரம் மூன்றையும் உங்கள் தொடர்புகளுக்கு மட்டும் என்று வையுங்கள், தெரியாத அழைப்பாளர்களை ஒலியடக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. டெலிகிராமில் எண்ணை யார் பார்க்கலாம், எண்ணை வைத்து யார் கண்டுபிடிக்கலாம் என்று இரண்டு தனித்தனி அமைப்புகள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிறைய பேர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள், இரண்டையும் மாற்ற வேண்டும். சிக்னலில் 2024 முதல் பயனர்பெயர் வைத்துக்கொள்ளலாம், எண்ணே கொடுக்காமல் பேசலாம்.

விளம்பரம், டெலிவரி, தெரியாதவர்களோடு வியாபாரம் இதற்கெல்லாம் இரண்டாவது எண் ஒன்று வைத்துக்கொள்வது என்னைக் கேட்டால் செலவழிக்கத் தகுந்த விஷயம். வங்கிக்கும் அரசு ஆவணங்களுக்கும் கொடுத்த எண் வீட்டாருக்கும் நெருங்கியவர்களுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். யாராவது ஏதாவது குறியீட்டை டயல் செய்யச் சொல்லி நீங்கள் செய்திருந்தால், உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கலாம். *#21# போட்டால் திருப்பிவிட்டிருக்கிறதா என்று தெரியும், ##002# போட்டால் எல்லாத் திருப்பமும் ரத்தாகும்.

ஒரு எண்ணை விட்டுவிடப் போகிறீர்கள் என்றால் அதோடு இணைந்த வங்கி, மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகளில் முதலில் புது எண்ணை மாற்றுங்கள், வாட்ஸ்அப்பில் எண் மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள், டெலிவரிச் செயலிகளில் சேமித்துவைத்த வீட்டு முகவரிகளை அழித்துவிடுங்கள், எல்லாம் முடிந்த பிறகு சிம்மை நிறுத்துங்கள். அந்த எண் சில மாதத்தில் வேறு ஒருவர் கைக்குப் போகும், அவர் அதை வைத்து ஒரு டெலிவரிச் செயலியில் ஓடிபி கொடுத்து உள்ளே போனால் உங்கள் வாசல் வரை வழி அங்கே இருக்கக் கூடாது.